மணல், டயர், கூடாரம்: வாசகர் கேள்வி – பதில்

டிசம்பர் நெருங்க நெருங்க எங்களுக்கு வரும் கேள்விகள் மணல் பக்கம் திரும்பிவிடுகின்றன. திருகோணமலையிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு அங்கே குளிர்காலம் என்றால் பாலைவனத்தில் கூடாரம். ஊரில் இருப்பவர்களுக்குக் குச்சவெளி தொடக்கம் புல்மோட்டை வரை கடற்கரை. இரு பக்கத்துக் கேள்விகளையும் இம்முறை சேர்த்தே எடுத்திருக்கிறோம்.

டோஹாவில் வேலை செய்கிறேன். கூட்டாளிமாருடன் கட்டாரின் தெற்கே மணற்குன்றுகளுக்கு நடுவே கடல் புகுந்த கோர் அல் உதைத் போய் ஒரு இரவு தங்க யோசனை. என்னிடம் பஜேரோ ஒன்று இருக்கிறது. ஊரில் கெப் ஓட்டிய பழக்கம் உண்டு, மணற்குன்று இதுதான் முதல் தடவை. டயரில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? வேறு என்ன கவனிக்க வேண்டும்?
– கிண்ணியா வாசகர்

தார் வீதி முடியும் இடத்திலேயே, சக்கரம் மணலில் இறங்குமுன் காற்றைக் குறையுங்கள். புதைந்தால் பார்க்கலாம் என்று போகிறவர்களுக்கு முதல் குன்றிலேயே சவள் பிடிக்க வேண்டிவரும். வீதியில் 32 முதல் 35 பிஎஸ்ஐ வைக்கும் வண்டிக்கு மணலில் 15 முதல் 18 போதும். ஆளும் சாமானும் நிறைய என்றால் 18, குறைவென்றால் 15. காற்று குறைந்ததும் டயர் அகலத்தைவிட நீளத்தில்தான் கூடுதலாகப் படியும். பாரம் பரவுவதால் சக்கரம் மணலை வெட்டாமல் அதன் மேலே ஏறி ஓடும். 12க்கு இறக்குவது புதைந்த வண்டியை வெளியே எடுப்பதற்கு மட்டும். 10க்குக் கீழே போனால் ஒரு திருப்பத்திலேயே டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

நெடுஞ்சாலையில் ஓடிவந்த டயர் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் 15 வைத்தால் இரவு ஆறியபின் 12, 13தான் நிற்கும். ஆகவே சூட்டில் 17, 18 வைத்துவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த டயரில் திரும்ப அளந்து பாருங்கள். அளக்கும் மீற்றர் உங்களுடையதாக இருக்கட்டும். காற்று அடிக்கும் கொம்பிரசரை சிகரெட் லைட்டர் துளையில் செருகாதீர்கள், அந்தப் பியூஸ் தாங்காது. பற்றரியில் நேராகக் கிளிப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு அடியுங்கள். திரும்பி வரும்போது தார் வீதி தொட்டதும் அடித்துவிட வேண்டும். 15 பிஎஸ்ஐயுடன் வேகமாக ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும்.

இனிக் குன்று. கட்டாரில் பெரும்பாலும் வீசுவது வடமேற்குக் காற்று, ஷமால் என்பார்கள். அது குன்றின் வடமேற்குப் பக்கத்தைச் சாய்வாகவும் இறுக்கமாகவும், தென்கிழக்குப் பக்கத்தைச் செங்குத்தாகவும் இளக்கமாகவும் ஆக்கிவைக்கும். அந்த இளகிய சரிவு 32, 34 பாகை வரை நிற்கும். மணற்பாதை தொடங்கும் சீலைன் கடற்கரையிலிருந்து தெற்கே போகும்போது இறுகிய பக்கத்தால் ஏறி இளகிய பக்கத்தால் இறங்குவீர்கள். இதில் கஷ்டம் தெரியாது. மறுநாள் வடக்கே திரும்பும்போது அதே குன்றுகளின் இளகிய முகம் உங்களைப் பார்த்து நிற்கும். அதில் ஏற முயலாமல் குன்றைச் சுற்றித்தான் வர வேண்டும். முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் மாட்டுப்படுவது இந்தத் திரும்பும் பயணத்தில்தான். அதற்கு நேரமும் எரிபொருளும் மிச்சம் வையுங்கள். மணலில் அது வீதியில் போவதைப்போல் ஒன்றரை மடங்காவது போகும்.

தெரியாத குன்று என்றால் ஒருவர் இறங்கி நடந்துபோய் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டுச் சைகை காட்டட்டும். ஏறுவதும் நேராக, இறங்குவதும் நேராக. சரிவில் குறுக்கே போனால் வண்டி பக்கவாட்டில் உருளும். உச்சியில் நிறுத்தினால் வயிறு மணலில் தங்கிச் சக்கரங்கள் பிடிமானமின்றிச் சுற்றும். உச்சிக்குச் சற்று முன்பே அக்சிலேற்றரை விட்டு, மூக்கு மெல்லக் கீழே சாயும் அளவு வேகத்தோடு தாண்டுங்கள். இறங்கும்போது பின்பக்கம் ஒருபுறமாக வழுகினால் பிறேக்கை மிதிக்காமல் அக்சிலேற்றரைச் சற்றே அழுத்துங்கள், வண்டி நேராகிவிடும். நண்பகலில் குன்றுகளின் நிழல் விழாது. பள்ளமும் மேடும் ஒன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் சாப்பிட்டுப் படுப்பது நல்லது.

கடலை அண்டிய இடங்களில் ஸப்கா எனும் உப்புத் தரை உண்டு. மேலே காய்ந்த ஓடு, அடியில் சேறு. நிலாவெளி உப்பளப் பாத்தியில் கால் வைத்தவருக்கு அது எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மணலில் புதைந்த வண்டியைத் தோண்டி எடுக்கலாம். ஸப்காவில் தோண்டத் தோண்ட நீர் ஊறும். பழைய டயர் தடத்தை விட்டு விலகாதீர்கள், தரை கறுத்து ஈரமாகத் தெரிந்தால் தடம் இருந்தாலும் போகாதீர்கள். ஒற்றை வண்டியாக ஒருபோதும் போக வேண்டாம், குறைந்தது இரண்டு. வழி தவறினால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. தேடி வருபவர்களின் கண்ணுக்கு வண்டிதான் முதலில் படும். கட்டாரில் அவசர இலக்கம் 999.

மணலில் 4 எச் போடுவதா, 4 எல் போடுவதா?
– உவர்மலை வாசகர்

இரண்டிலும் நான்கு சக்கரமும் இழுக்கும்; 4 எச் வேகத்துக்கு, 4 எல் மெதுவான பலத்துக்கு. ஓடும்போது 4 எச். மணலில் வேகம் குறையாமல் இருப்பதுதான் முக்கியம், 4 எல் போட்டால் அந்த வேகம் வராது. புதைந்த இடத்திலிருந்து ஊர்ந்து வெளியேறவும், செங்குத்தாக இறங்கவும் 4 எல். பழைய லேண்ட் குரூஸர், பஜேரோ சிலவற்றில் முன்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைக் கையால் லொக் பக்கம் திருப்ப வேண்டும். அதை மறந்தால் உள்ளே லீவர் போட்டும் முன்சக்கரம் இழுக்காது. புதிய வண்டிகளில் வழுகலைத் தடுக்கும் கட்டுப்பாட்டை அணைத்துவிடுங்கள், சக்கரம் சுற்றினால் அது எஞ்சின் சக்தியைக் குறைத்துவிடும். தார் வீதிக்கு வந்ததும், முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்கொடுக்கும் டிபரன்ஷியல் மையத்தில் இல்லாத வண்டிகளில், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 2 எச்சுக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் திருப்பினால் கியர்பெட்டிக்குத்தான் கேடு.

அரிசிமலைப் பக்கம் எங்கள் டபுள் கெப் அச்சுவரை புதைந்தது. படகு கட்டும் கயிற்றால் இன்னொரு கெப்பில் கட்டி இழுத்தோம், கயிறு அறுந்து கண்ணாடியில் அடித்தது. எந்தக் கயிறு வாங்க வேண்டும்? எங்கே கட்ட வேண்டும்?
– புல்மோட்டை வாசகர்

கண்ணாடியோடு போனது உங்கள் நல்ல காலம். இழுப்பது கடைசி வேலை. அதற்கு முந்திய வேலைகளைச் சரியாகச் செய்தால் பத்தில் எட்டுத் தடவை கயிறே தேவைப்படாது.

சக்கரம் சுற்றத் தொடங்கிய அந்த நொடியிலேயே காலை எடுங்கள். ஒவ்வொரு சுற்றும் வண்டியை இன்னும் கீழே இறக்கும். ஆட்கள் எல்லாரும் இறங்க வேண்டும். முன்சக்கரங்களை நேராக்குங்கள், திரும்பிய சக்கரம் கலப்பையாகி மணலைத் தள்ளும். நான்கு டயரிலும் 12 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். பிறகு சவளால் முதலில் வயிற்றின் கீழ் மணலை எடுங்கள். பலர் சக்கரத்தடியை மட்டும் தோண்டிவிட்டு ஏன் நகரவில்லை என்று நிற்பார்கள். அச்சும் சேஸியும் மணலில் அமர்ந்திருந்தால் சக்கரத்தில் பாரமே இருக்காது. அதன்பின் ஒவ்வொரு சக்கரத்தின் பின்னாலும் அரை மீற்றர் நீளத்துக்குச் சாய்வாக வழி வெட்டுங்கள். பின்னால் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: நீங்கள் வந்த தடம் ஏற்கெனவே இறுகியிருக்கிறது, அதன் வழியே பின்வாங்குவதுதான் இலகு. 4 எல், றிவேர்ஸ், மெல்லிய அக்சிலேற்றர். சக்கரம் மறுபடி சுற்றினால் உடனே விட்டுவிட்டு இன்னும் தோண்டுங்கள். பலகை இருந்தால் சக்கரத்தடியில் செருகலாம், ஆனால் அது பின்னால் பறந்து வரும், அந்தப் பக்கம் ஒருவரும் நிற்கக் கூடாது. ஜாக் வைப்பதானால் அடியில் ஓர் அடிச் சதுரப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் ஜாக்தான் கீழே போகும்.

இதெல்லாம் செய்தும் வராவிட்டால் இழுக்கலாம். அதற்கு நீளக்கூடிய நைலோன் இழுவைப் பட்டி வாங்குங்கள். 9 மீற்றர் நீளம், கெப்புக்கு 8 தொன் தாங்குவது. நைலோன் நீண்டு சுருங்கும்போது அந்த விசையே வண்டியைக் கிளப்பும். படகுக் கயிறும் இரும்புக் கம்பியும் அதற்கு உதவாது, அதிர்ச்சியை அப்படியே கொளுவிய இடத்துக்குக் கொடுத்து எதையாவது உடைத்துவிடும். வெயிலில் வெளிறிய பட்டி, ஓரம் பிய்ந்த பட்டி இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

கட்டும் இடம் பற்றிச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள். ட்ரெய்லர் கொளுவும் இரும்பு உருண்டையில் பட்டியை மாட்டாதீர்கள். அது நேர் இழுவைக்குச் செய்தது. அதிர்ச்சி இழுவையில் முறிந்து பறக்கும், உலகின் பல நாடுகளில் அது ஆளைக் கொன்றிருக்கிறது. முன் பம்பரின் கீழே தெரியும் மெல்லிய வளையமும் ஆகாது. அநேகமான கெப்களில் அது கப்பலில் ஏற்றும்போது கட்டி வைப்பதற்குப் போட்டது. சேஸியில் தடித்த போல்ட்டால் பூட்டிய இழுவைக் கொக்கி இல்லாவிட்டால், ஒன்றைப் போட்டுக்கொண்டு மணலுக்குப் போங்கள். பட்டியைக் கொக்கியில் பூட்டும் இரும்பு வளையமான ஷக்கிளில் தாங்கும் பாரம் பொறித்திருக்க வேண்டும், கெப்புக்கு 4.75 தொன் சரி. அதன் ஆணியை முழுவதும் இறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் இழுத்தபின் கழற்ற முடியாது.

பட்டியை இரண்டு மீற்றர் தொய்வுடன் நிலத்தில் வளைத்துப் போட்டு, நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் அது வீச்சைக் குறைக்கும். இழுக்கும் வண்டி மணிக்கு 10, 15 கிலோமீற்றருக்கு மேல் பாயக் கூடாது. அதேநேரம் புதைந்த வண்டியும் கியரில் உதவ வேண்டும். சாரதிகள் இருவரையும் தவிர மற்றவர்கள் பட்டியின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்க வேண்டும். வீடியோ எடுப்பவருக்கும் இதுதான்.

என்னிடம் 250 பாஜா பைக் இருக்கிறது. மணலில் முன்சக்கரம் அலைந்து அலைந்து விழுத்துகிறது. டயரை மாற்றவா?
– உப்புவெளி வாசகர்

டயருக்கு முன் கையைப் பாருங்கள் தம்பி. மணலில் முன்சக்கரம் அலையத்தான் செய்யும். அதை ஹான்டிலால் அடக்கப் பார்ப்பதும், பயத்தில் அக்சிலேற்றரை மூடுவதும்தான் விழுத்துகின்றன. மூடியதும் பாரம் முன்னே சரிந்து சக்கரம் மணலுக்குள் குத்துகிறது. எழுந்து நின்று, முழங்கால்களால் பெற்றோல் தாங்கியை இறுக்கி, உடலைச் சற்றுப் பின்னே தள்ளி, கையைத் தளர்வாக வையுங்கள். திருப்புவதை ஹான்டிலைவிட இடுப்பாலும் கால்வைக்கும் கம்பியில் கொடுக்கும் அழுத்தத்தாலும் செய்யுங்கள். பார்வை முன்சக்கரத்தில் நிற்கக் கூடாது, இருபது முப்பது மீற்றர் தள்ளி இருக்கட்டும். வேகம் குறைக்க வேண்டுமானால் அக்சிலேற்றரை மெல்ல விட்டாலே மணல் நிறுத்திவிடும், முன் பிறேக்கில் விரல் வேண்டாம். மணலில் இரண்டாம் கியரில் புறப்படுவது நல்லது, முதல் கியரில் பின்சக்கரம் குழி தோண்டும்.

காற்று: றிம்மில் வால்வைத் தவிர இன்னொரு போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது றிம் லொக். அது இருந்தால் 12, 13 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். இல்லாவிட்டால் 16க்குக் கீழே போகாதீர்கள், டயர் றிம்மில் சுற்றி ரியூப்பின் வால்வைப் பிய்த்துவிடும். வால்வின் அடியில் இருக்கும் நட்டை றிம்மில் இறுக்காமல் மேலே தொப்பிப் பக்கம் ஏற்றி வைப்பது பழைய ஓட்டுநர்களின் வழக்கம். வால்வு சாயத் தொடங்கினால் கண்ணுக்குத் தெரியும், பிய்யுமுன் சரிசெய்யலாம்.

பின்சக்கரம் அச்சுவரை புதைந்தால் தூக்கி முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெற்றோல் குழாயை மூடி, பைக்கைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். குழியைக் காலால் மணல் தள்ளி மூடுங்கள். நிமிர்த்தினால் சக்கரம் மேலே நிற்கும். பக்கத்தில் நடந்தபடி கிளச்சை மெல்ல விட்டு வெளியே கொண்டுவாருங்கள். கிளச்சை அரைகுறையாகப் பிடித்தபடி நெடுநேரம் உறுமவிட்டால் தட்டுகள் கருகும்.

வளைகுடாவில் ஓட்டப் போகிறவர்களுக்கு ஒன்று: பைக்கின் பின்னால் உயரமான கம்பியில் செம்மஞ்சள் கொடி இல்லாமல் குன்றுக்குள் போகாதீர்கள். மறுபக்கத்தால் ஏறிவரும் வண்டிக்கு உங்கள் தலைக்கவசம் தெரியுமுன் அந்தக் கொடி தெரிய வேண்டும்.

எயார் பில்டரைப் பெற்றோலில் கழுவிப் போடுகிறேன். இப்போது பைக் நீலமாகப் புகைக்கிறது, இழுவையும் இல்லை. தொடர்பு உண்டா?
– தம்பலகாமம் வாசகர்

பெரும்பாலும் உண்டு. பெற்றோல் ஸ்பொஞ்ச் பில்டரின் ஒட்டுப் பசையைக் கரைத்துவிடும். தையல் வாய் திறந்தால் மணல் நேரே சிலிண்டருக்குப் போய் பிஸ்டன் றிங்கை அரைக்கும். பில்டரைக் கழற்றி, அதற்கு அப்பாலுள்ள குழாயின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். விரலில் நறநறவென்று பட்டால் மணல் உள்ளே போயிருக்கிறது. கராஜில் கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் கோளாறு றிங்கிலும் சிலிண்டரிலும், சரியாக இருந்தால் வால்வு சீலில்.

இனி மண்ணெண்ணெயில் அலசி, பிறகு சவர்க்காரத் தண்ணீரில் பிழியுங்கள். முறுக்கக் கூடாது, கிழியும். நிழலில் முழுக்கக் காய்ந்தபின் ஸ்பொஞ்ச் பில்டருக்கென்றே விற்கும் ஒயிலைத் தடவி, நிறம் எங்கும் ஒன்றாக வரும்வரை பிசையுங்கள். எஞ்சின் ஒயில் ஓரிரவில் அடிப்பக்கம் வடிந்து மேற்பக்கம் வெறுமையாகிவிடும். பில்டர் பெட்டியில் அமரும் விளிம்புக்கு கிறீஸ் பூசுங்கள். மணலில் ஓடும் ஒவ்வொரு நாளும் மாலை பில்டரை மாற்ற வேண்டும். ஒயில் போட்ட இன்னொன்றைப் பிளாஸ்ரிக் பையில் கொண்டுபோவது அதற்காகத்தான்.

கணவர் றியாத்தில். குளிர்காலத்தில் கூட்டாளிகளோடு மணலில் கூடாரம் அடித்துத் தங்குகிறார். பயமாக இருக்கிறது. அவருக்கு என்ன சொல்ல வேண்டும்?
– மூதூர் வாசகி

சகோதரி, ஒன்றை மட்டும் சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்: கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுக்கக் கூடாது. திருகோணமலையில் பிறந்தவர்களுக்குப் பாலைவனத்தின் இரவுக் குளிர் பழக்கமில்லை. டிசம்பர், ஜனவரியில் 10 பாகைக்கும் கீழே இறங்கும். இறைச்சி சுட்ட கரியில் சூடு மிச்சம் இருக்கிறதே என்று தட்டோடு உள்ளே கொண்டுபோய் வைத்துக் கூடாரத்தை மூடிவிடுவார்கள். சாம்பல் பூத்த கரியிலிருந்தும் காபனோரொட்சைட்டு வாயு வந்துகொண்டே இருக்கும். மணமில்லை, நிறமில்லை, புகையுமில்லை. தூங்கியவர் எழும்ப மாட்டார். தலையிடி, குமட்டல், கால் தள்ளாட்டம் வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வர வேண்டும். வண்டியை ஓடவிட்டு ஹீற்றரோடு தூங்குவதிலும் இதே ஆபத்து உண்டு, புகைக்குழாய் மணலில் அடைபட்டால் வாயு உள்ளே திரும்பும். குளிருக்குத் தடித்த படுக்கைப் பையும், நிலத்துக்கும் உடலுக்கும் இடையில் ஒரு நுரை மெத்தையும் போதும்.

கூடாரம் குன்றின் அடிவாரத்தில் வேண்டாம், இரவில் மேலிருந்து வண்டி பாயும். நீரோடும் பள்ளத்திலும் வேண்டாம். அங்கு மழை அரிது, பெய்தால் வெள்ளம்தான். வாசலைக் காற்று வரும் பக்கத்துக்கு மறுபுறம் வையுங்கள். சாதாரண முளை மணலில் நிற்காது. ஒரு பையில் மணல் நிரப்பி, கழுத்தில் கயிறு கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மிதித்துவிட்டால் ஷமால் அடித்தாலும் அசையாது. காலையில் சப்பாத்தை உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள், தேள் அங்கேதான் ஒதுங்கும்.

ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர்?
– குச்சவெளி வாசகர்

குளிர்காலத்தில் குடிக்க மட்டும் நாளுக்கு 5 லீற்றர், சமையலுக்கு 2. வெயில் காலத்தில் இதை இரட்டிக்க வேண்டும். பயணம் ஒரு நாள் என்றாலும் இரண்டு நாளுக்கு எடுங்கள். ஒரே பெரிய கானில் ஊற்றாமல் இரண்டு மூன்றாகப் பிரியுங்கள், ஒன்று ஒழுகினாலும் மற்றது இருக்கும். ரேடியேற்றருக்குத் தனியாக 5 லீற்றர். உடலில் குறைந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிப் பைக்கற்று நான்கைந்து, ஒன்றுக்கு 1 லீற்றர் தண்ணீர். ஆள் குழறிப் பேசி, தோல் கொதித்தால் அது வெயில் தாக்கம்: நிழலில் படுக்க வைத்து, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி, ஆஸ்பத்திரிக்கு எடுக்க வேண்டும். நினைவு தெளியாதவருக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

நிலாவெளிக் கடற்கரையில் பைக் ஓடினால் என்ன? ஒருவருக்கும் தொந்தரவில்லையே.
– இறக்கக்கண்டி வாசகர்

தொந்தரவு உண்டு. இலங்கைக் கரைகளில் ஐந்து வகை ஆமைகள் முட்டையிடுகின்றன. முட்டைகள் மணலுக்கடியில் ஏறத்தாழ இரண்டு மாதம் இருக்கும். மேலே சக்கரம் போனால் மணல் இறுகிக் குஞ்சு வெளியே வராது. வந்த குஞ்சும் டயர் தடத்துக்குள் விழுந்தால் கடலைச் சேராது. ஆமையும் முட்டையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அதோடு காலையில் கரைவலைக் கயிறு மணலோடு மணலாகக் கிடக்கும், கழுத்துயரத்தில் இழுபட்டும் நிற்கும். அங்கே பிழைப்பு நடக்கிறது. கரையை விட்டு உள்ளே உள்ள மணல் ஒழுங்கைகளில், ஊரவர்களைக் கேட்டுவிட்டு ஓடுங்கள்.

இலங்கையில் பாலைவனம்போல இடம் உண்டா?
– சம்பூர் வாசகர்

பாலைவனம் இல்லை. மணற்குன்று பார்க்க வடமராட்சி கிழக்கின் மணற்காடு போங்கள், பாதி மணலில் புதைந்த பழைய தேவாலயமும் அங்குண்டு. நடந்து பார்ப்பதற்கான இடம் அது, குன்றில் சக்கரம் ஏற்ற வேண்டாம். போகும் வழியில் எங்கேனும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால், தடம் தெரிந்தாலும் உள்ளே இறங்காதீர்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை முடியாத இடங்கள் இன்னும் உள்ளன.

மணலில் ஓடிவிட்டு வந்தபின் வண்டியில் எதைப் பார்க்க வேண்டும்?
– சீனக்குடா வாசகர்

கடற்கரை என்றால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மறுநாள் கழுவினால் உப்பு வேலையைத் தொடங்கியிருக்கும். பைக்கில் கம்பிகள் றிம்மோடு சேரும் இடங்களும், செயினும் முதலில். செயினுக்கு ஒட்டும் ஒயில் போட்டால் மணல் பிடித்து அரைக்கும், காய்ந்து நிற்கும் மெழுகு வகை போடுங்கள். கெப்பில் பின்சக்கரப் பிறேக் டிரம்களைக் கழற்றி மணலைத் தட்டிவிடுங்கள். கைப்பிறேக்கை இழுத்துத் திரும்ப விடுவித்து, சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். ரேடியேற்றரின் இடைவெளிகளில் சிக்கிய மணலையும் புல்லையும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டுத் தள்ளுங்கள். அழுத்தக் குழாயை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்துவிடும்.